வேலூர் சாம்பிளுக்கு மாப்பிள்ளை உபசாரம்

(ஒரு நடுத்தர ஊரின் தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம். காலை 7 மணி. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வெளியே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே, ஆய்வக மேலாண்மையில் முதுகலை முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மேனேஜர். எதிரே, டி.எம்.எல்.டி. முடித்த நாளிலிருந்து ஊசியைக் கீழே வைக்காத அக்கா. மேனேஜர் அறைக்கு ஏ.சி. உண்டு, அனலைசருக்கும் உண்டு. அக்காவுக்கென்று தனியாகக் கிடையாது.)

மேனேஜர்: மேடம், நேத்து நர்சிங் ஹோம் சாம்பிள் ஒண்ணுல சுகர் 870 வந்திருக்கு. ரூட் காஸ் அனாலிசிஸ் பண்ணணும். ஃபிஷ்போன் டயகிராம் போட்டு வெச்சிருக்கேன், பாருங்க.

அக்கா: மீனெல்லாம் அப்புறம் வரையலாம் தம்பி. டெக்ஸ்ட்ரோஸ் ஏறுற கையிலயே ரத்தம் எடுத்திருக்காங்க. 870 சுகரோட அந்த மனுஷன் உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தாராம். போன் போட்டேன், மறு கையில எடுத்தாங்க. 112.

மேனேஜர்: இதை எங்க பதிவு பண்ணினீங்க?

அக்கா: எதுக்குப் பதிவு? எனக்குத்தான் ஞாபகம் இருக்கே.

மேனேஜர்: நீங்க லீவுல இருந்தா?

அக்கா: நான் லீவே போடறதில்லையே.

மேனேஜர்: அதான் மேடம் இந்த லேபோட பெரிய ரிஸ்க்! சரி, அடுத்தது. கலெக்‌ஷன் சென்டர் சாம்பிளை எல்லாம் சாயங்காலம் ஒரே ட்ரிப்பா எடுத்தா பெட்ரோல் பாதி மிச்சம். லீன் மேனேஜ்மென்ட். டொயோட்டா கம்பெனியை வெச்சு கேஸ் ஸ்டடியே பண்ணியிருக்கோம்.

அக்கா: கார் பம்பர் வழியில ஹீமோலைஸ் ஆகாது தம்பி. ரத்தத்துல செல்லு உயிரோட இருக்கு. பிரிக்காம வெளிய வெச்சா மணிக்கு 5லேருந்து 7 சதவீதம் சுகரை அதுவே தின்னுடும். காலையில சர்க்கரை நோயாளி, சாயங்காலம் ட்ரிப் வர்றதுக்குள்ள குணமாயிடுவாரு.

மேனேஜர்: சுகர் குறையாம காக்கிற ஃப்ளோரைடு டியூப் இருக்கே?

அக்கா: இருந்துச்சு. போன மாசம் ஓனர் செலவைக் குறைக்கச் சொன்னாரு.

மேனேஜர்: அப்ப ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்லலாம்.

அக்கா: பேஷா வையுங்க. குளிர்ல பொட்டாசியம் செல்லை விட்டு வெளிய கசியும். சுகர் இல்லைன்னு ஒரு தாளு, பொட்டாசியம் ஏறிடுச்சுன்னு ஒரு தாளு. மிச்சம் பிடிச்ச பெட்ரோலை ஆம்புலன்சுக்கு ஊத்திக்கலாம்.

மேனேஜர்: (குறித்துக்கொள்கிறார்) லேப் தப்புல பெரும்பங்கு சாம்பிள் மெஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியே நடக்குதுன்னு எங்க சிலபஸ்லயே இருந்துச்சு மேடம். ரெண்டாவது செமஸ்டர்.

அக்கா: எத்தனை பேருக்கு ஊசி குத்தியிருக்கீங்க?

மேனேஜர்: அது... சிலபஸ்ல இல்லை. (பேச்சை மாற்றி) மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்கிற உங்க கன்ட்ரோல் சார்ட்டைப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டை ஒட்டியே போகுது. எந்த நல்ல மெஷினா இருந்தாலும் இருபதுக்கு ஒண்ணு போல 2 எஸ்.டி. கோட்டைத் தாண்டணும். உங்களுது ஒரு வருஷமா தாண்டவே இல்லை!

அக்கா: தாண்டும். மறுபடி ஓட்டுவேன். உள்ள வர்ற வரைக்கும் ஓட்டுவேன். வந்ததை எழுதுவேன்.

மேனேஜர்: ஐயையோ! எப்ப நிறுத்தணும், எப்ப ஓட்டலாம்னு வெஸ்ட்கார்டுன்னு ஒருத்தர் 1981லயே விதி எழுதிட்டாரு மேடம்.

அக்கா: எழுதட்டும். அவர் வாசல்ல சுகர் டெஸ்டுக்கு வந்தவங்க கதவைத் தட்டினாங்களா?

மேனேஜர்: போகட்டும். வேலூர் சி.எம்.சி.யிலேருந்து மாசாமாசம் தர சோதனை சாம்பிள் வருதே, அது?

அக்கா: (முகம் மலர்ந்து) அதுக்கு மாப்பிள்ளை உபசாரம்! மெஷினைக் கழுவி, காலிபரேஷன் போட்டு, புது ரீஏஜென்ட் பிரிச்சு, மூணு தடவை ஓட்டி, சராசரி எடுத்துத்தான் அனுப்புவேன். இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்லை.

மேனேஜர்: அதையும் பேஷன்ட் சாம்பிள் மாதிரியேதான் மேடம் ஓட்டணும்!

அக்கா: பேஷன்ட் சாம்பிள் நமக்கு மார்க் போடாதே தம்பி.

(போன் அடிக்கிறது. ஓனர். நாளைக்கு லேபுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். ஆடிட். மேனேஜர் வியர்க்கிறார், ஏ.சி. அறையிலேயே.)

அக்கா: ஏன் பயப்படறீங்க? குவாலிட்டி மேனுவல்னு தலைகாணி தண்டிக்கு எழுதி வெச்சிருக்கீங்களே.

மேனேஜர்: லேபுக்கான தர விதி ஐ.எஸ்.ஓ. 15189க்கு 2022ல புதுப் பதிப்பு வந்துடுச்சு. மேனுவல் இருந்தே ஆகணும்னு அதுல இல்லை. எங்க காலேஜ்ல பழைய பதிப்பைத்தான் நடத்தினாங்க... ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் லாக்கைக் கொடுங்க. (புரட்டுகிறார்) தினமும் 4 டிகிரி. ஞாயித்துக்கிழமையும் 4. அன்னைக்கு லேப் பூட்டித்தானே கிடந்துச்சு? யார் பார்த்தது?

அக்கா: சனிக்கிழமையே பார்த்துட்டேன்.

(நீண்ட மௌனம். மேனேஜர் கதவைச் சாத்துகிறார்.)

மேனேஜர்: அக்கா... மாசம் முழுக்க ஒரே பேனாவுல, ஒரே நம்பரா இருக்கே. ஆடிட்டர் முதல்ல இதைத்தான் பிடிப்பார். அங்கங்க 3, 5ன்னு மாத்தி எழுதுங்க. இயற்கையா இருக்கணும்.

அக்கா: அட, இப்பத்தான் அக்கான்னு வாயில வந்துச்சு! படிப்புன்னா இதுதான் தம்பி. உங்க பேனாவையும் இப்படிக் கொடுங்க. ஏன் தம்பி, இதுவும் 2 எஸ்.டி.க்குள்ளயே இருக்கட்டுமா, இல்லை இருபதுக்கு ஒண்ணு தாண்ட விடணுமா?