சிப்காட்டில் ஒரு மிக்-21

கேள்வி: நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானங்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டனவே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வைத்திருக்கிறேன், பணத்துக்குக் குறைவில்லை. ஒன்றை வாங்கிப் பறக்கவிட்டால் என்ன? அமெரிக்காவில் தனி ஆட்களே வைத்திருக்கிறார்களாமே!

பதில்: உங்கள் பணம் விமானத்தின் உடம்பை வாங்கும், உயிரை வாங்காது. 1963-ல் வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெறும்வரை பறந்தது என்றால், அதற்குப் பின்னால் விமானத்தைக் கட்டிய நாசிக் ஆலையும், இன்ஜின் செய்த கோராபுட் ஆலையும், ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் திருகு திருகாகச் சரிபார்த்த விமானப்படை டெக்னீஷியன்களும் இருந்தார்கள். அவர்களை யார் ஏலம் விடுவார்கள்? டேங்கை நிரப்பவே சுமார் 2,800 லிட்டர் வேண்டும். வேகம் கூட்டினால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும், வாலில் பாராசூட் விரித்துத்தான் நிறுத்துவார்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் சோழவரம் தளம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களுக்குப் போட்டது, பிறகு கார் பந்தயத்துக்குப் பயன்பட்டது. அரக்கோணம் ராஜாளியில் நீளமான ஓடுதளம் உண்டுதான், ஆனால் அது கடற்படையுடையது. இவற்றையெல்லாம் தாண்டினாலும், பறக்கத் தகுதிச் சான்று வேண்டும். சிவில் சான்று பெறாத போர் ரகத்துக்கு அதை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அமெரிக்காவில் முடிகிறது, உண்மை. அங்கே இத்தகைய விமானங்களைச் சோதனை ரகமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது, உதிரி பாகச் சந்தை இருக்கிறது, ஓய்வு பெற்ற போர் விமானிகளும் கிடைக்கிறார்கள். அத்தனையும் இருந்தும், 2023 ஆகஸ்டில் மிச்சிகன் விமானக் காட்சியில் தனியார் மிக்-23 ஒன்று, குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது. அதில் இருந்த இருவரும் பாராசூட்டில் தப்பினார்கள், தரையிலும் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. 2015-ல் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் பழைய ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்தபோது 11 பேர் செத்தார்கள். கும்மிடிப்பூண்டியில் கீழே இருப்பது உலைகளும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும். அவர்கள் தலைக்கு மேல் இதைப் பறக்கவிட எனக்கு மனம் வராது.

நம் நாட்டிலும் ஒருவர் முயன்றார். தொழிலதிபரும் அரசியல்வாதியுமான ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் அயர்லாந்தில் பழைய டகோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்தில் சீர்செய்தார். ஜெட்டைவிடப் பல மடங்கு எளிய புரொப்பல்லர் விமானம் அது. 2018-ல் அதையும் விமானப்படைக்கே பரிசாகக் கொடுத்தார். பராமரிக்கத் தெரிந்த கைகள் அங்கேதானே இருக்கின்றன!

கேள்வி: சரி, உலையிலாவது போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் உலை கேட்பது இரும்பு, ஜெட்டின் உடம்போ பெரும்பாலும் அலுமினியக் கலவை. ராணுவ ஸ்கிராப் என்றாலே எச்சரிக்கை தேவை. 2004-ல் காசியாபாத் உருக்காலையில் இறக்குமதி ஸ்கிராப்புக்குள் கிடந்த குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். போர் விமானத்தில் விமானியை வெளியே தள்ளும் இருக்கைக்கு அடியிலேயே வெடிமருந்து உண்டு.

கேள்வி: அப்போது ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: ஏன் விட வேண்டும்? ஓய்வு பெற்ற விமானங்களைக் காட்சிக்காகக் கல்வி நிறுவனங்களுக்கும் நகரங்களுக்கும் தருவது படையின் வழக்கம். ராஜாளியில் 2017-ல் ஓய்வு பெற்ற கடற்படையின் து-142 விமானம் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய் விசாகப்பட்டினம் கடற்கரையில் மறுபடி பூட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். அதைவிட மிக்-21 சின்னது, இறக்கை வீச்சு 7.15 மீட்டர்தான். இறக்கையைக் கழற்றினால் ஒரு டிரெய்லரில் வந்துவிடும். உங்கள் ஆலை வாசலைவிட, திருவள்ளூர் மாவட்டத்து ஐடிஐ ஒன்றின் பெயரில் விண்ணப்பம் போகட்டும், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். ரிவெட் வரிசையை விரலால் தடவிப் பார்த்து, மெல்லிய தகடு எப்படி அந்த வேகத்தைத் தாங்கியது என்று பையன்களும் பெண்களும் கேட்பார்கள். ஒன்று மட்டும்: எண்ணூர், பழவேற்காடு பக்கத்து உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். கூரை போடவும் வருடாவருடம் பெயின்ட் அடிக்கவும் முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள்.