தறிக்குழியில் கேமரா

கேள்வி: பருவநிலை மாற்றம் பற்றி இளைஞர்கள் படமெடுத்தால் நெசவு ஊரான ஆரணியில் மழை நேரத்துக்குப் பெய்துவிடுமா?

பதில்: பெய்யாது, ஆனால் பெய்கிற மழை யார் வீட்டுத் தறிக்குழியில் ஊறுகிறது என்பது ஊருக்குத் தெரியவரும். தெருவில் பாவு நீட்ட வெயில் வேண்டும். அடைமழை பிடித்தால் நெசவாளர் வீட்டில் கூலியும் நின்றுபோகும். பனிக்கரடியைக் காட்டும் படங்களில் இந்த இழப்பு இல்லை. உள்ளூர்க் கதையை உலகம் பார்க்குமா என்பீர்கள். முதுமலையில் எடுத்த ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கர் வென்றதே! பார்ப்பதால் எதுவும் மாறாது என்பாரும் உண்டு. ஆனால் பக்கத்துத் திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்தபோதே வினிஷா உமாசங்கர், இஸ்திரி வண்டியின் கரியைக் கவனித்துத்தான் சூரியசக்தி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அந்தக் கவனிப்பைத்தான் கேமரா பழக்குகிறது. ஆரணிப் பிள்ளைகள் தங்கள் ஊர் ஆறான கமண்டல நாகநதியிலிருந்து தொடங்கட்டும். சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் கூசாமல் கேட்கட்டும்.