இலையைத் திருப்பிப் பாருங்கள்!

(வாசகர் கேள்வி – பதில். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தொட்டிச் செடிகளைப் பற்றியவை. ஆகவே முழுப் பக்கமும் கள்ளிக்கும் கற்றாழைக்கும்.)

கே: என் ஜேட் செடியின் கணுக்களில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பூஞ்சணமா, பூச்சியா? (ஆசிரியை, வில்லியனூர்)

ப: பல்குச்சியால் ஒன்றை மெல்ல நெம்பி ஒரு தாளில் வையுங்கள் அம்மா. கால் முளைத்து நடந்தால் மாவுப்பூச்சி. நடக்காவிட்டால் நசுக்குங்கள், ஈரம் கசிந்தால் அப்போதும் மாவுப்பூச்சிதான். இலையிடுக்கும் தண்டின் கணுவும் அதற்குப் பிடித்த இடங்கள். தொட்டி விளிம்பின் அடியிலும் வடிகால் ஓட்டையிலும்கூடக் குடியிருக்கும்.

பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆனால் ஒரு பஞ்சுப் பொதிக்குள் 300 முதல் 600 முட்டை வரை இட்டுவிடும். பொரித்த குஞ்சுகள் ஊர்ந்தும், காற்றில் மிதந்தும், எறும்பின் வாயிலும், உங்கள் முந்தானையிலும் அடுத்த தொட்டிக்குப் போய்ச் சேரும்.

வெறும் தண்ணீரைத் தெளித்தால், உடம்பிலுள்ள மெழுகு காரணமாக, சேம்பு இலையில் விட்ட நீர் போல உருண்டு ஓடிவிடும். மருந்துக்கடையில் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தோய்த்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். மெழுகு கரைந்து வெள்ளை பழுப்பாகும். பூச்சியின் கதை முடிந்தது. அதற்கு முன் ஒரே ஓர் இலையில் தடவி இரண்டு நாள் பாருங்கள். சில செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. வெயிலில் செய்யாதீர்கள், மாலையில் செய்யுங்கள்.

தப்பிய முட்டைகள் ஒரு வாரத்தில் பொரிக்கும். அதனால் வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். முதல் வாரத்தில் எல்லோரும் வீரர்கள். நான்காம் வாரமும் பஞ்சுக்குச்சியோடு நிற்பவருக்குத்தான் செடி பிழைக்கும்.

கே: ஸ்பிரிட்டுக்குப் பதில் பிராந்தி தடவலாமா? (வாசகர், கன்னியக்கோயில்)

ப: பாட்டிலின் லேபிளைப் படியுங்கள் ஐயா: 42.8 விழுக்காடு. நமக்கு வேண்டியது 70. மீதியெல்லாம் தண்ணீரும் நிறமும். பூச்சி சாகாது, பிராந்திதான் வீணாகும்.

கே: கற்றாழைக்குத் தினமும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். ஏன் அழுகுகிறது?

ப: தினமும் தவறாமல் விடுவதால்.

கே: செடியை வாஸ்துப்படி எந்த மூலையில் வைக்க வேண்டும்?

ப: வெயில் விழுகிற மூலையில்.

கே: மஞ்சள்தூள், பட்டைத்தூள் தூவினால் பூச்சி போகும் என்கிறார்களே?

ப: இரண்டும் குழம்புக்கு நல்லவை.

கே: ஹவர்த்தியா வாங்கினேன். இலை முழுக்க வெள்ளைப் புள்ளி வரிசை. துடைத்தேன், தேய்த்தேன், சுரண்டினேன், போகவே இல்லை. (கல்லூரி மாணவி, ஒதியம்பட்டு)

ப: கையை எடும்மா! அவை பிறவிப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் உலகமே அந்தச் செடியை வாங்குகிறது. எச்சிவேரியாவின் இலையில் படிந்திருக்கும் சாம்பல் பூச்சும் அப்படித்தான். வெயிலைத் தாங்கச் செடி தானே பூசிக்கொண்ட மெழுகு. துடைத்தால் அந்த இலையில் மறுபடி வராது. பூச்சி தாறுமாறாக இருக்கும், இடுக்கில் கூடும். செடியின் சொந்தக் கோலம் எல்லா இலையிலும் ஒரே ஒழுங்காக இருக்கும்.

கே: தொட்டியில் எறும்புச் சாரி. எறும்புப் பொடி போட்டால் போதுமா?

ப: எறும்பு ஏறுகிற செடியில் மேலே யாரோ இனிப்பு விநியோகம் செய்கிறார்கள். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் அசுவினியும் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை விடும். எறும்பு அதைக் குடிக்கும், பதிலுக்கு எதிரிகளை விரட்டும். அந்தப் பிசுக்கில் கரும்பூஞ்சணமும் படரும். மேலிருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். கூடவே, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கல்லை வைத்து அதன் மேல் தொட்டியை ஏற்றுங்கள். வாரம் இருமுறை தட்டு நீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு வரும்.

கே: வேலியிலிருந்து சப்பாத்திக்கள்ளி ஒரு மடல் கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். அதன் மேல் வெள்ளைப் பஞ்சு. நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு! பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி, குருவிநத்தம்)

ப: பயம் எதற்கு அம்மா? உங்கள் விரலில் பட்டது சரித்திரம்! அந்தப் பூச்சி கொச்சினீல். அந்தச் சிவப்பு கார்மைன் சாயம். இன்றும் உதட்டுச் சாயத்திலும் தின்பண்டங்களிலும் போடுகிறார்கள். ஒரு காலத்தில் மெக்சிகோவிலிருந்து அதை ஏற்றுமதி செய்து ஸ்பெயின் பணத்தில் புரண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தப் பூச்சிக்குத் தீனி போடுவதற்கென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வளர்த்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கேப்டன் நீல்சன் என்பவர் வங்காளத்துக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். எல்லோரும் ஆவலோடு காத்திருந்தால், வந்தது வேறு இனம்! சாயம் மட்டம், ஆனால் கள்ளியைத் தின்பதில் சூரன்.

சாயத்துக்கு உதவாத பூச்சி களையெடுக்க உதவியது. 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட, காடாய் மண்டிக் கிடந்த ஒருவகைக் கள்ளியை அது அழித்தது. ஒரு களையை அழிக்க மனிதன் பூச்சியை வேண்டுமென்றே ஏவிய முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று நம் மண்ணில் நடந்தது! மிஞ்சிய இன்னொரு வகைக் கள்ளிக்காக 1926இல் இலங்கை வழியாக மற்றொரு கொச்சினீல் வந்தது. பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக வர வேண்டிய கதை இது.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். சிவப்பு கசிந்தால் கொச்சினீல். கள்ளி இனத்தை மட்டுமே தாக்கும், உங்கள் கற்றாழையைத் தொடாது. மடலைக் குழாய் நீரில் வேகமாகப் பீய்ச்சிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். முள் கவனம்.

கே: மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளையாக, ஆனால் பெரிதாக ஒன்று வேகமாக ஓடுகிறது. கொன்றுவிடவா? (பள்ளி மாணவன், கூடப்பாக்கம்)

ப: கொல்லாதே தம்பி! ஓடுகிறது என்று கவனித்தாயே, அதற்கே உனக்கு ஒரு சபாஷ். மாவுப்பூச்சி மெதுவாக நகரும். ஓடுவது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுவாக இருக்கும். மாவுப்பூச்சியைப் போல வேடமிட்டு, மாவுப்பூச்சியையே தின்னும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898இல் இந்தியாவுக்கு வந்தது.

இன்னொரு கதையும் கேள். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்தன. எவ்வளவோ மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அடங்கியது. நல்ல பூச்சியைக் காப்பாற்றுவதும் வைத்தியம்தான்.

கே: பூச்சியே கண்ணில் படவில்லை, செடி மட்டும் சுருங்குகிறது. தண்ணீரும் அளவாகத்தான் விடுகிறேன். (வாசகர், மங்கலம்)

ப: தொட்டியிலிருந்து செடியைக் கழற்றுங்கள். வேரில் வெள்ளை மாவு அப்பியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுதும் உதறி, வேரைக் கழுவி, கெட்டதை வெட்டி, நிழலில் சில நாள் உலர்த்தி, புது மணல் கலந்த மண்ணில் நடுங்கள். பீங்கான் கோப்பையில் நடாதீர்கள்! அடியில் ஓட்டையில்லாத எதுவும் தொட்டியே அல்ல என்பது என் தீர்ப்பு. புவிசார் குறியீடு வாங்கிய சுடுமண் கலைஞர்களை வில்லியனூரில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கில் செடி வளர்ப்பது நியாயமா? மண்தொட்டி மூச்சு விடும், சீக்கிரம் உலரும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வாரத்துக்குள் இழுத்து வையுங்கள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையை எந்தக் கள்ளியும் தாங்காது.

கே: வயலுக்கு வாங்கிய மோனோகுரோட்டோபாஸ் மீதம் இருக்கிறது. கற்றாழைக்கு இரண்டு சொட்டு விடலாமா? (விவசாயி, சேலியமேடு)

ப: வேண்டாம் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அது செடியின் சாற்றுக்குள் ஊடுருவும் நஞ்சு, கழுவினால் போகாது. அந்தக் கற்றாழைச் சோற்றை வீட்டில் ஒருவர் மோரில் போட்டுக் குடிப்பார், ஒரு பிள்ளை முகத்தில் பூசும். காய்கறிக்கு இதை அடிக்கக் கூடாதென்று 2005இலேயே அரசு தடை போட்டது. 2013 ஜூலையில் பிகாரின் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் இந்த மருந்து கலந்திருந்தது.

மருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது. எந்த மருந்தையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். யார் உடம்பிலாவது போய்விட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஜிப்மருக்கு ஓடுங்கள்.

கற்றாழைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். அடங்காவிட்டால், ஓர் இலையை உறையில் மூடி எடுத்துக்கொண்டு, குரும்பாபேட்டைக் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

கே: எவ்வளவு பார்த்தும் தேறவில்லை. எப்போது தூக்கிப் போடுவது? (வாசகி, கிருமாம்பாக்கம்)

ப: நான்கு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் குறையவில்லை என்றால் அன்றே. ஆனால் அதற்கு முன் பூச்சியில்லாத ஓர் இலையை, கற்றாழையானால் பக்கக் கன்று ஒன்றை, எடுத்துக் கழுவி, வெட்டுவாய் உலர்ந்ததும் தனியாக நடுங்கள். ஜேட்டுக்கு ஓர் இலையே போதும். மூன்று வாரம் மற்றத் தொட்டிகளின் பக்கமே விடாதீர்கள். கடையில் வாங்கும் புதுச் செடிக்கும் இதே சட்டம்தான். தாய்ச்செடியை மண்ணோடு பையில் கட்டி அகற்றுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மனசு வராமல் மூலையில் வைத்திருந்தால், அடுத்த மாதம் எல்லாத் தொட்டிக்கும் சேர்த்து எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.