கழட்டி மாட்டினா சரியாயிடும் சார்

மறுபடியும் எரிகிறது. அதே மஞ்சள் விளக்கு, என்ஜின் படம் போட்டது. "இனிமே வராது சார்" என்று நேற்றுத்தான் மெக்கானிக் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினார். இன்று காலை புதுச்சேரி இந்திரா காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

ஆக்சிஜன் சென்சாராம். புகைபோகும் குழாயில் செருகியிருக்கும் விரல் நீளச் சாமான். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை மோப்பம் பிடித்துச் சொல்லும்; அதைக் கேட்டுத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை பார்க்கும் என்பதால் உள்ளேயே ஒரு ஹீட்டர். என் வண்டியில் வரும் எரர் கோடு பி0135: அந்த ஹீட்டருக்குப் போகும் கரண்டில் கோளாறு. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன்.

அதற்கு முன் பேட்டரி டெர்மினல். பானட்டைத் திறந்ததும் நம் மெக்கானிக்குகளின் கை தானாகப் போவது அங்கேதான். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போவார். வந்து மாட்டுவார். விளக்கு அணைந்திருக்கும். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறிவிட்டு, ஜுரம் போச்சு என்பதுதான் இது. நாம் பணம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவோம்.

அவரை மட்டும் சொல்வானேன்? செட்டாப் பாக்ஸில் படம் வராவிட்டால் கார்டைக் கழற்றி, வேட்டியில் துடைத்து மாட்டுகிறோம். ரிமோட் பேட்டரியைக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டு, உள்ளங்கையில் இரண்டு தட்டு. மிக்சி ஜார், கேஸ் ரெகுலேட்டர், மோடம் பிளக், எல்லாம் அப்படியே. தண்ணீர் ஃபில்டருக்கு வந்தவர் கழற்றி மாட்டியதற்குத் தனியாக பில் போட்டார். அவ்வளவு ஏன், 2021 பிப்ரவரியில் இந்த ஊர் ஆட்சியையே கழற்றி, மே மாதம் வேறொன்றை மாட்டினோம். விளக்கு அணைந்ததா என்பது என் இலாகா அல்ல. நம் ஆக்சிஜன் சென்சாருக்கே வருகிறேன். அதை 1976-ல் வோல்வோ காருக்காக போஷ் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். மாட்டினார்கள். கழற்றிப் பார்க்கச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுச் சொல்தா ஐயா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்), பிரான்ஸில் இந்த விளக்கு எரிந்தால் வண்டி தணிக்கையிலேயே தேறாது என்கிறார். இங்கே எரிய எரியவே புகைச் சான்றிதழ் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரருக்குப் பெட்ரோல் மேல் சந்தேகம்: "கடலூர்ல இருந்து வந்து போட்டுட்டுப் போறான்னா, விலை சும்மாவா குறையும்?" வரி குறைவு என்றேன். சிரித்தார்.

சென்சாரையே புதிதாக மாற்றியாயிற்று, செலவு என்னுடையது. ஹீட்டர் ஃபியூஸை ஒருவரும் பார்க்கவில்லை. கடல் காற்று அடிக்கிற ஊரில் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

வாசகர்களில் யாரிடமாவது மல்டிமீட்டர் இருந்தால் தயவுசெய்து எடுத்துக்கொண்டு வாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன். ஸ்பேனர் மட்டும் வேண்டாம்.