ஒப்படைப்பின் இலக்கணம்

1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் முதுகலைப் படிப்பில், 30 விழுக்காடு மதிப்பெண் 'ஒப்படைப்பு'க்கு, அதாவது மாணவர் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் விடைத்தாளுக்கு உரியது. செல்லிப்பட்டு போன்ற சிற்றூரில் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, இரவில் சிக்னலைத் தேடி மொட்டைமாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து மின்னூல் படிக்கும் ஆசிரியர், அறிவு பிறர் ஊட்டுவதன்று, கற்பவர் தாமே கட்டிக்கொள்வது என்னும் 'கட்டமைப்புவாத'த்தை, சென்ற ஆண்டு தேறிய சக ஆசிரியரின் தாளிலிருந்து காற்புள்ளி பிசகாமல் பெயர்த்தெழுதுகிறார். மறுநாள் காலை, வீட்டுப்பாடத்தைப் பார்த்தெழுதிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அவர் பெஞ்சின்மேல் ஏற்றுகையில், குற்றத்தைக் கண்டதும் இனங்காணும் தேர்ச்சி அவருக்கு வாய்த்திருப்பது புலனாகிறது. கடைசித் தேதி நீட்டிப்பு என்னும் சலுகைதான் அப்பிள்ளைக்கு இன்னும் வாய்க்கவில்லை.