ஒரே இரவு போதுமா?

கேள்வி: ஆர்க்டிக்கில் ஒரே ஓர் இரவு தங்கினால் வடதுருவ ஒளியைப் பார்த்துவிடலாமா?

பதில்: ஒளி வந்தாலும் மேகம் வழிவிட வேண்டுமே! சூரியன் அனுப்பும் மின்துகள்களால் தூண்டப்பட்டு, 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் உமிழ்வதுதான் அந்தப் பச்சை ஒளி. மேகமோ அதற்கு வெகு கீழே திரை போட்டுவிடும். ஸ்வீடனின் அபிஸ்கோவைப் பலர் நாடுவது இதனால்தான். மேற்கிலுள்ள மலைகள் ஈரக்காற்றைத் தடுப்பதால் அங்கே வானம் அடிக்கடி தெளிந்திருக்கும். அங்கும் மேகம் மூடும் இரவுகள் உண்டு. சூரியப் புயல் முன்னறிவிப்பைப் பார்த்துப் போகலாமே என்பீர்கள். அது மேகத்தைப் பற்றிப் பேசாதே! கூடுதல் இரவுகள் தங்கினால் செலவு கூடும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் அவ்வளவு தூரம் விமானத்துக்குக் கொடுத்தபின் இன்னும் இரண்டு இரவு தங்குவதே சிக்கனம். ஜூனில் மட்டும் போகாதீர்கள். அபிஸ்கோவில் அப்போது இருட்டவே இருட்டாது.