பழி ஓரிடம், ரேம் ஓரிடம்

லினக்ஸ் கணினி திடீர் திடீரென்று உறைந்துபோனால், முதல் பழி லினக்ஸ் மீது விழும். "ஓசியில வந்தது வேற எப்படி இருக்கும்?" என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடும். அடுத்த பழி எக்ஸ்ட்4 என்கிற கோப்பு முறைமைக்கு. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலிலேயே நிலையானது என்று பெயர் வாங்கிவிட்டது அது. இருந்தும் சந்தேகம் தீரவில்லை.

கோளாறு கண்டால் பல கணினிகளில் அது "இனி எழுத மாட்டேன், படிக்க மட்டும்தான்" என்று கதவைச் சாத்திக்கொள்ளும். நம்மாளுக்கு அது திமிராகத் தெரியும். மவுன்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷன் மேலேயே, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே-யை ஏவுவார். எச்சரிக்கை வரும், படிக்காமல் 'ஒய்' தட்டுவார். அடுத்த கேள்விக்கும் ஒய். அதற்கடுத்ததற்கும், மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் பெண்ணின் அப்பாவைப் போல, ஒய். கடைசியில் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் கோப்புகள் பெயரிழந்து வெறும் எண்ணோடு கிடக்கும். எது குடும்பப் படம், எது வரிக்கணக்கு? கர்னலுக்கே தெரியாது.

பிறகு உபுண்டு போய் ஃபெடோரா வரும், அதுவும் போய் ஆர்ச். கோளாறு மட்டும் விசுவாசமாகக் கூடவே வரும். வராமல் என்ன செய்யும்? கெட்டது ரேம். அதில் ஒரு பிட் புரண்டால், அந்தத் தப்பையே கோப்பு முறைமை சிரத்தையாக டிஸ்கில் பதிந்துவைக்கும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டியிருந்தால் பெரும்பாலும் அன்றிரவே தெரிந்திருக்கும். ரேம் நிரபராதி என்றால் சாட்டா கேபிளையும் பவர் சப்ளையையும் விசாரிக்கலாம்.

பேக்கப் இல்லாமல் எஃப்எஸ்சிகே-யைத் தொடாதீர்கள். மவுன்ட் ஆன பார்ட்டிஷனில் தொடவே தொடாதீர்கள்.